தேய்மானம்: ஒரு சொல், மூன்று பொருள்

தேய்மானம் என்னும் சொல் தமிழில் நகைக்கடையிலும் கணக்கர் மேசையிலும் ஒருங்கே வழங்குகிறது. பழைய வளையலை எடைபோடுபவர், பல ஆண்டு உராய்வில் குறைந்துபோன பொன்னைத் தேய்மானம் என்கிறார். கணக்கரோ, ஒரு நிறுவனத்தின் இயந்திரத்துக்கோ வாகனத்துக்கோ ஏட்டில் ஆண்டுதோறும் எழுதிக் கழிக்கும் தொகையைத் தேய்மானம் என்கிறார். முன்னது தராசில் நிறுத்துப் பார்க்கக்கூடியது. பின்னது விதிப்படி எழுதப்படுவது. இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது பொருள் ஒன்றும் உண்டு. வாங்கிய விலைக்கும், விற்கப்போகும் நாளில் சந்தை தர முன்வரும் விலைக்கும் உள்ள வேறுபாடே அது.

பெட்ரோல் கார்களைப் பொறுத்தவரை இம்மூன்றும் ஏறத்தாழ ஒன்றாகவே நகர்ந்துவந்தமையால், ஒரே சொல்லால் மூன்றையும் குறிப்பதில் பெரிய தொல்லை எழவில்லை. மின்காரில் அவை பிரிந்துவிட்டன. மூன்று ஆண்டு ஓடிய நிறுவனக் கார் ஒன்றின் பேட்டரியைச் சோதித்தால் தொடக்கக் கொள்ளளவில் 94 சதவீதம் எஞ்சியிருப்பதாகவும், அதே காருக்குச் சந்தையில் வாங்கிய விலையில் பாதிதான் கிடைப்பதாகவும், வருமான வரிக் கணக்கில் அதன் மதிப்பு கால் பங்குக்கும் கீழே இறங்கிவிட்டதாகவும் கொள்ளலாம். பொருள் 6 சதவீதம் தேய்ந்திருக்க, விலை 50 சதவீதமும் ஏடு 78 சதவீதமும் தேய்ந்தது எப்படி என்பதே நிறுவனத்துக்கு மின்கார் வாங்க எண்ணுவோரைத் தயங்கவைக்கும் புதிர். மூன்று தேய்மானங்களையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தாலன்றி இப்புதிர் அவிழாது.

முதலில் பொருளின் தேய்மானம். மின்மோட்டாரில் அசையும் உறுப்புகள் மிகச் சில; பற்சக்கரப் பெட்டியும் பெரும்பாலும் ஒரே வேகவிகிதம் கொண்ட எளிய அமைப்பே. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறிச் சக்கரத்தின் ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவதால், பிரேக் கட்டைகளும் மெதுவாகவே தேய்கின்றன. எனவே மின்கார் தேய்கிறதா என்ற கேள்வி, பேட்டரி என்று வழங்கும் மின்கல அடுக்கு தேய்கிறதா என்ற கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது.

1991-இல் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி மின்கலத்தின் அடிப்படை அமைப்பே இன்றைய கார்களிலும் உள்ளது. இதற்கு வழிவகுத்த குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. மின்கலத்தின் ஒரு பக்கம் கிராஃபைட் அடுக்குகளும், மறுபக்கம் உலோக ஆக்சைடு அல்லது இரும்பு பாஸ்பேட் அடுக்குகளும், இடையே மின்பகுளி என்னும் நீர்மமும் இருக்கின்றன. மின்னேற்றம் செய்கையில் லித்தியம் அயனிகள் கிராஃபைட் பக்கம் சென்று தங்குகின்றன. கார் ஓடுகையில் அவை மறுபக்கம் திரும்புகின்றன. ஊஞ்சல்போல் இப்படி முன்னும் பின்னும் சென்றுவரக்கூடிய அயனிகளின் எண்ணிக்கையே மின்கலத்தின் கொள்ளளவு. ஆகவே, தேய்மானம் என்பது இங்கே உராய்வன்று. ஊஞ்சலை விட்டு இறங்கி, எங்கோ சிக்கி, மீண்டும் ஆடவராத லித்தியத்தின் கணக்கே அது.

அந்த லித்தியம் பெரும்பாலும் சிக்கும் இடம் கிராஃபைட்டின் மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய படலம். 1979-இல் வேதியியலாளர் இம்மானுவேல் பெலெட் விளக்கிய இதனைத் தமிழில் மின்பகுளி இடைப்படலம் எனலாம். காய்ச்சிய பாலின்மேல் படியும் ஏட்டை இதற்கு ஒப்பிடலாம். ஏடு பாலிலிருந்தே உண்டாவதுபோல, மின்பகுளியும் லித்தியமும் வினைபுரிந்தே இப்படலம் உண்டாகிறது. அதில் சேர்ந்த லித்தியம் திரும்புவதில்லை. ஆயினும் இப்படலம் பகையன்று. மின்பகுளி கிராஃபைட்டை நேரே தொடாதவாறு காத்து, அயனிகளை மட்டும் உள்ளே விடும் வேலியாகவும் அதுவே நிற்கிறது. வேலி தடிக்கத் தடிக்க, மேலும் வினை நிகழ்வது கடினமாகிறது. எளிய மாதிரிகளின்படி, படலம் இருமடங்கு தடிக்க நான்கு மடங்கு காலமும், மும்மடங்கு தடிக்க ஒன்பது மடங்கு காலமும் ஆகும். முதல் ஆண்டில் சற்று விரைந்து குறையும் கொள்ளளவு பின்னர் நிதானப்படுவதன் காரணம் இதுவே. முதல் ஆண்டின் வீழ்ச்சியை அப்படியே எட்டு ஆண்டுக்கு நீட்டிக் கணக்கிட்டு அஞ்சுவோர் இவ்வேதியியலைக் கவனிப்பதில்லை.

இப்படலத்தின் வளர்ச்சியை விரைவுபடுத்துவன முக்கியமாக இரண்டு. ஒன்று வெப்பம். மார்கழியில் விடியும்வரை காத்திருந்தும் பொங்காத இட்லி மாவு சித்திரையில் சில மணி நேரத்தில் பொங்கி வழிவதுபோல, வேதிவினைகள் வெப்பத்தில் விரைகின்றன. பல வினைகளில் ஒவ்வொரு 10 பாகை உயர்வும் வேகத்தை ஏறத்தாழ இருமடங்காக்குகிறது. மற்றொன்று, பேட்டரியை முழுக்க நிரப்பி நெடுநேரம் சும்மா நிறுத்திவைத்தல். இவ்விரண்டுக்கும் அப்பால், கடுங்குளிரில் அதிவேக மின்னேற்றம் செய்வதாலும் கேடு நேர்கிறது. பேருந்தில் ஏறுவோர் உள்ளே நகரும் வேகத்தைவிடக் கூட்டம் நெருக்கும் வேகம் மிகும்போது சிலர் படிக்கட்டிலேயே தொற்றிக்கொள்வதுபோல, கிராஃபைட்டுக்குள் நுழைய இயலாத அயனிகள் அதன் மேற்பரப்பிலேயே உலோக லித்தியமாகப் படிந்துவிடுகின்றன. இதனை லித்தியப் படிவு என்பர். இதனாலேயே தற்காலக் கார்கள் பேட்டரியைச் சுற்றிக் குளிர்நீர்மக் குழாய்களை ஓடவிடுவதுடன், குளிரில் மின்னேற்ற வேகத்தைத் தாமே குறைத்தும் கொள்கின்றன.

மூடி முத்திரையிட்ட பெட்டிக்குள் எவ்வளவு லித்தியம் எஞ்சியுள்ளது என்பது வெளியிலிருந்து எப்படி அறியப்படுகிறது? மதகின்வழி வெளியேறிய நீரை அளந்து, அதற்கேற்ப நீர்மட்டம் எவ்வளவு தாழ்ந்தது என்றும் பார்த்தால், குளத்தில் இறங்காமலே அதன் கொள்ளளவைக் கணித்துவிடலாம்; வண்டல் படிந்த குளமாயின், கொஞ்சம் நீர் வெளியேறியதுமே மட்டம் மளமளவென்று தாழும். மின்காரின் கட்டுப்பாட்டுக் கணினியும் இதையே செய்கிறது: உள்ளே சென்ற, வெளியே வந்த மின்னோட்டத்தை நொடிதோறும் கூட்டி, மின்னழுத்தம் என்னும் மட்டத்தோடு ஒப்பிட்டு, புதியதாக இருந்தபோதைய கொள்ளளவில் எத்தனை சதவீதம் எஞ்சியுள்ளது என்று மதிப்பிடுகிறது. இம்மதிப்பு பேட்டரியின் நலநிலை எனப்படும். ஓட்டுநருக்கு முன்னுள்ள திரையில் தெரியும் 100 சதவீதம் இதுவன்று. வண்டல் நிறைந்த குளமும் கரை தொட நிரம்பினால் நிரம்பிய குளமே. இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரிகளில் மின்னழுத்தம் இடைப்பட்ட நிலைகளில் ஏறக்குறைய மாறாமலே நிற்பதால் மதிப்பீடு கடினமாகிறது; அவ்வகைக் கார்களை அவ்வப்போது முழுக்க நிரப்பும்படி தயாரிப்பாளர்கள் சொல்வதற்கு, கணினி தன் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதும் ஒரு காரணம்.

நிறுவனங்களின் வாகன அணிகளிலிருந்து இவ்வாறு திரட்டப்பட்ட தரவுகள், பேட்டரிக் கொள்ளளவு ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2 சதவீதம் குறைவதைக் காட்டுகின்றன. சராசரியிலிருந்து விலகிய காரும் உண்டு. 2010 இறுதியில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃபின் தொடக்க வடிவம் பேட்டரியைக் குளிர்விக்க நீர்மக் குழாய்களின்றி இயல்பான காற்றை மட்டுமே நம்பியிருந்தது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவன வெப்பத்தில் ஓடிய அக்கார்கள் விரைந்து கொள்ளளவை இழந்தது 2012-இல் வெளிப்பட்டது. மின்காரின் பேட்டரி சில ஆண்டுகளில் செத்துவிடும் என்ற பேச்சுக்கு வலுச்சேர்த்த நிகழ்வுகளில் அது முக்கியமானது. இன்றோ எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 70 சதவீதக் கொள்ளளவுக்கு உறுதியளிப்பது உலகெங்கும் பரவலான உத்தரவாதமாகிவிட்டது. வேதியியல் இவ்வளவு சாதகமாக இருக்கையில் விலை ஏன் பாதியாகிறது என்ற கேள்வி இதனால் இன்னும் கூர்மையாகிறது.

விலையின் தேய்மானத்துக்கு முதற்காரணம், பழைய காரினுள் அல்ல, புதிய காரில் இருக்கிறது. ப்ளூம்பெர்க் ஆய்வுப் பிரிவின் கணக்குப்படி, ஒரு கிலோவாட் மணி ஆற்றலைச் சேமிக்கும் பேட்டரியின் சராசரி விலை 2010-இல் 1,000 டாலருக்கு மேல் இருந்து, 2024-இல் 115 டாலராக இறங்கியது. புதிய கார் மலிவாகும்போது, அதற்கு மாற்றாக வாங்கப்படும் பழைய காரின் விலையும், அதன் உடலில் ஒரு கீறல் விழாவிட்டாலும், கூடவே இறங்கியாகவேண்டும். வரிச்சலுகையும் மானியமும் இப்படியே செயல்படுகின்றன: புதிய காரை வாங்குபவருக்கு அரசு ஒரு பகுதியைத் திருப்பித் தருமாயின், பழைய காரின் விலை அந்தச் சலுகை கழிந்த விலையிலிருந்துதான் இறங்கத் தொடங்கும், விலைப்பட்டியலில் அச்சிட்ட தொகையோடு ஒப்பிடுவோருக்கு வீழ்ச்சி உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும்.

இதற்கு ஹெர்ட்ஸ் என்னும் அமெரிக்க வாடகைக்கார் நிறுவனத்தின் அனுபவம் தெளிவான சான்று. 1,00,000 டெஸ்லா கார்களை வாங்கப்போவதாக 2021 அக்டோபரில் அது அறிவித்தது. 2023-இன் தொடக்கத்திலிருந்து டெஸ்லா தன் புதிய கார்களின் விலையைப் பன்முறை குறைத்தது. ஹெர்ட்ஸின் நிறுத்துமிடங்களில் நின்ற கார்களின் மதிப்பும் அதனோடு சரிந்தது. 2024 ஜனவரியில் சுமார் 20,000 மின்கார்களை விற்றுவிடுவதாக அறிவித்த அந்நிறுவனம், அதன்பொருட்டு 24.5 கோடி டாலரைக் கூடுதல் தேய்மானமாக எழுத நேர்ந்தது. மோதலில் சேதமுற்ற கார்களைச் சீராக்கும் செலவு மிகுந்தது மற்றொரு காரணமாகக் கூறப்பட்டது. பேட்டரிகள் தேய்ந்துபோயின என்பது அதில் காரணமாகக் காட்டப்படவில்லை.

இரண்டாவது காரணம் அறியாமையின் விலை. அமெரிக்கப் பேச்சுவழக்கில் எலுமிச்சை என்றால் பழுதான கார். அச்சொல்லைத் தலைப்பில் ஏற்றி ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் வெளியிட்ட பொருளியல் கட்டுரை, பின்னர் 2001-இல் அவர் நோபெல் பரிசு பெறக் காரணமாயிற்று. அவருடைய வாதத்தை எளிய கணக்கால் விளக்கலாம். பத்து, எட்டு, ஆறு இலட்சம் ரூபாய் பெறுமதியுள்ள மூன்று கார்கள் விற்பனைக்கு நிற்கின்றன. எது எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. வாங்குபவர் சராசரியான எட்டு இலட்சத்துக்குமேல் தரமாட்டார். உடனே பத்து இலட்சக் காரின் உரிமையாளர் விலகிக்கொள்வார். எஞ்சிய இரண்டின் சராசரி ஏழாகும். அதில் எட்டு இலட்சக் காரும் விலகும். நல்லதையும் அல்லதையும் பிரித்தறிய இயலாத சந்தையில், நல்லதும் அல்லதன் விலைக்கே இறங்குகிறது, அல்லது சந்தைக்கே வராமற்போகிறது. பேட்டரி மின்காரின் விலையுயர்ந்த உறுப்பு. கண்ணுக்குத் தெரியாத உறுப்பும் அதுவே. பெட்ரோல் எஞ்சினின் ஒலியையும் புகையையும் வைத்துக் குறைகாணத் தெரிந்த தரகருக்கு, ஓசையின்றி நிற்கும் பெட்டியிடம் கேட்டறிய எதுவுமில்லை. அஞ்சியவர் விலையைக் குறைத்தே சொல்கிறார்.

இதே சிக்கலைத் தமிழகத்தின் மாட்டுச் சந்தைகள் நெடுங்காலத்துக்கு முன்பே எதிர்கொண்டன. மாட்டின் வயது பற்றி விற்பவரின் வாய்ச்சொல்லை யாரும் நம்புவதில்லை; வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, எத்தனை பல் போட்டது, கடை சேர்ந்ததா என்று எண்ணியே விலை பேசுவர். வயதை மறைக்க இயலாத அடையாளம் ஒன்று உடலிலேயே இருப்பதால், இளங்காளைக்குரிய விலை இளங்காளைக்குக் கிடைக்கிறது. மின்காருக்கு நலநிலைச் சான்றுதான் பல். ஐக்கிய நாடுகள் அவையின் வாகன விதிகள் மன்றம் 2022-இல் ஏற்ற உலகளாவிய விதி, காரில் காட்டப்படும் நலநிலை மதிப்பு உண்மையோடு பொருந்தவேண்டும் என்றும், ஐந்து ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் வரை 80 சதவீதமும், எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 70 சதவீதமும் எஞ்சவேண்டும் என்றும் வரையறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுச் சட்டம், மின்கார்ப் பேட்டரி ஒவ்வொன்றுக்கும் பேட்டரிக் கடவுச்சீட்டு என்னும் மின்னணுப் பதிவேட்டை 2027 பிப்ரவரி முதல் கட்டாயமாக்குகிறது. இவை பரவப் பரவ அறியாமையின் விலை குறையும். ஆனால் புதிய காரின் விலைச்சரிவால் வரும் இறக்கத்தை எந்தச் சான்றிதழும் தடுக்காது.

மூன்றாவது, ஏட்டின் தேய்மானம். இந்திய வருமான வரி விதிகள், 1962-இன் பின்னிணைப்பு, தொழிலுக்குப் பயன்படும் சாதாரணக் கார்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீதமும், மின்வாகனங்களுக்கு 40 சதவீதமும் தேய்மானம் வகுத்தது. ஒவ்வோராண்டும் எஞ்சிய மதிப்பின்மீதே இவ்வீதம் கணக்கிடப்படும். இருபது இலட்சம் ரூபாய்க்கு வாங்கி, முதல் ஆண்டிலேயே 180 நாளுக்குக் குறையாமல் பயன்படுத்திய மின்கார், மூன்று ஆண்டுகளில் 12, 7.2, 4.32 இலட்சம் என்று இறங்கும். அதே விலைக்கு வாங்கிய பெட்ரோல் கார் மூன்றாம் ஆண்டு முடிவிலும் ஏறத்தாழ 12.28 இலட்சத்தில் நிற்கும். கார் விரைந்து கெடுகிறது என்று அரசு கருதுவதாக இதற்குப் பொருளில்லை. செலவை முன்னதாகவே கழித்துக்கொள்ள விட்டு வரியைத் தள்ளிப்போடும் ஊக்கமே இது. கார் ஒன்பது இலட்சத்துக்கு விற்றால் அத்தொகை அவ்வகைச் சொத்துகளின் எஞ்சிய மதிப்பிலிருந்து கழிக்கப்படும். அவ்வகையில் வேறு சொத்து இல்லையெனில், மிகுந்த 4.68 இலட்சம் ஆதாயமாக வரிக்கு உட்படும். ஆகவே, வேகமான ஏட்டுத் தேய்மானத்தைக் கண்டு அஞ்சுவதும் தவறு, அதனை இலவசம் என எண்ணுவதும் தவறு. இதற்கு மாறாக, பங்குதாரருக்குக் காட்டும் கணக்குக்கு, 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வாடகைக்கு ஓடாத கார்களின் பயன்காலத்தை எட்டு ஆண்டு என வைத்திருக்கிறது.

மூன்றும் பிரிந்தபின், சந்தைவிலையின் சரிவை யார் சுமப்பது என்பதே எஞ்சும் கேள்வி. குத்தகைக்கு எடுத்தால் அச்சுமை குத்தகை தருபவரைச் சேரும் என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மையே. குத்தகைக் காலம் முடிகையில் காருக்கு என்ன விலை கிடைக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிடும் தொகை எஞ்சு மதிப்பு எனப்படும். இருபது இலட்சக் காருக்கு மூன்று ஆண்டில் ஒன்பது இலட்சம் கிடைக்கும் என்று நம்பும் குத்தகை தருபவர், பதினொரு இலட்சத்தை 36 மாதங்களுக்குப் பகிர்ந்து, வட்டி நீங்கலாக மாதம் சுமார் 30,600 ரூபாய் கேட்பார். ஏழு இலட்சமே கிடைக்கும் என்று அஞ்சுபவர் 36,100 ரூபாய் கேட்பார். மதிப்பீடு தவறினால் வரும் இழப்பு குத்தகை தருபவருடையதுதான்; ஆனால் அந்த அச்சத்தின் விலையை வாடிக்கையாளர் மாதந்தோறும் முன்கூட்டியே செலுத்திவிடுகிறார்.

நிறுவனக் கார் என்பது ஊதியத்தின் ஒரு பகுதியாகவே வேரூன்றிய பிரிட்டனில் இது ஒரு படி மேலே செல்கிறது. அங்கு, நிறுவனம் தந்த காரைச் சொந்தப் பயணத்துக்கும் பயன்படுத்தும் ஊழியர், காரின் பட்டியல் விலையில் குறிப்பிட்ட சதவீதத்தை வருமானமாகக் காட்டி வரி செலுத்தவேண்டும். 2025-26 வரியாண்டில் மின்காருக்கு அது 3 சதவீதம். மிகுந்த புகை கக்கும் கார்களுக்கு 37 சதவீதம். 40,000 பவுண்டு காருக்கு, 40 சதவீத வரி செலுத்துபவர் முன்னதில் ஆண்டுக்கு 480 பவுண்டும், பின்னதில் 5,920 பவுண்டும் கட்டுவார். இவ்வளவு பெரிய வேறுபாடு ஊழியர்களை மின்காருக்கு ஈர்த்தது. அக்கார்கள் மூன்று, நான்கு ஆண்டுக் குத்தகை முடிந்து கூட்டமாகப் பழைய கார்ச் சந்தையில் இறங்கும்போது விலையைத் தாமே அழுத்துகின்றன. புதிய காரை மலிவாக்கும் சலுகை, பழைய காரின் மதிப்பைக் குறைக்கவும் செய்கிறது.

இவற்றிலிருந்து நிறுவனம் ஒன்று எடுக்கக்கூடிய முடிவு, வாகனத்தை எவ்வளவு ஓட்டப்போகிறது, எத்தனை ஆண்டு வைத்திருக்கப்போகிறது என்ற இரண்டையே பெரிதும் சார்ந்தது. சந்தைவிலை பெரும்பாலும் காலத்தோடு சரிகிறது. மின்காரின் மிச்சமோ கிலோமீட்டரோடு சேர்கிறது. லிட்டர் 100 ரூபாய் பெட்ரோலில் 15 கிலோமீட்டர் ஓடும் காரையும், 10 ரூபாய் யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடும் மின்காரையும் ஒப்பிட்டால், கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் மிச்சமாகும். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் மேலாளரின் காருக்கு அது 50,000 ரூபாய். 30,000 கிலோமீட்டர் ஓடும் விற்பனைப் பிரதிநிதியின் காருக்கு ஒன்றரை இலட்சம். முன்னதை மூன்று ஆண்டில் மாற்றியே தீரவேண்டுமெனில் குத்தகைதான் அறிவுடைமை. பின்னதைச் சொந்தமாக வாங்குவதாயின் நெடுநாள் வைத்திருப்பதே நன்று. ஏனெனில் விலையின் செங்குத்தான இறக்கம் முதல் சில ஆண்டுகளிலேயே முடிந்துவிட, மெதுவாகத் தேயும் பேட்டரி அதன்பின்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் என்ற ஓட்டத்தில், பேட்டரி உத்தரவாதத்தின் 1,60,000 கிலோமீட்டரும், நிறுவனச் சட்டம் சொல்லும் பயன்காலமும் ஒரே எட்டாம் ஆண்டில் வந்து சந்திக்கின்றன. அதுவரை வைத்திருப்பவருக்கு மூன்றாம் ஆண்டின் சந்தைவிலை வெறும் செய்தி.

எப்போது விற்பதாயினும், நிழலில் நிறுத்துவதும், அன்றாடம் 80 சதவீதத்தோடு மின்னேற்றத்தை முடித்துக்கொள்வதும், ஆண்டுக்கொருமுறை நலநிலையைச் சோதித்து, அதன் சான்றுச் சீட்டைக் காரின் கோப்பில் சேர்ப்பதும் பெருஞ்செலவு பிடிக்காத செயல்கள். வளையலின் தேய்மானத்தைத் தராசு காட்டிவிடும். மாட்டின் வயதைப் பல் காட்டிவிடும். பேட்டரியின் தேய்மானத்தைக் காட்ட, எட்டு ஆண்டுக்கு எட்டுச் சீட்டுகள் அந்தக் கோப்பில் இருக்கவேண்டும்.